ஆடாதே, அசையாதே! – குடும்பப் போட்டோவின் கதை



பி.காம். படிக்கிறவனுக்கு போட்டோவோடு என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கடைசி வரை படித்தால் தெரியும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலைக்குப் போகிற வழியில் கோமுகி அணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே கேமராவோடு ஒரு போட்டோகிராபர். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கேமராவைப் பார்க்காதீங்க சார். பாட்டுக்கு நடங்க. பாப்பா ஓடட்டும், விடுங்க."

ஐம்பது வருஷம் முன்னால் இதே ஊர் ஸ்டுடியோவில் போட்டோகிராபர் என்ன சொல்லியிருப்பார்? "கேமராவையே பாருங்க. ஆடாதீங்க. பையன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க."

இரண்டும் குடும்பப் போட்டோதான். ஆனால் சொல்வது நேர் எதிர். இந்த மாற்றம் எப்படி வந்தது? பழைய மனுஷங்க சிடுமூஞ்சிகள், நாம் ஜாலியானவர்கள் என்பது பதில் கிடையாது. என் கணக்கில் இதற்கு ஒரே காரணம்தான் – ஒரு படம் வீணாகப் போனால் எவ்வளவு நஷ்டம் என்பது. அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

கல்லுக்குள் ஒரு துறுதுறு குழந்தை

கேமரா வருவதற்கு ரொம்ப முன்பே நம்மிடம் குடும்பப் படம் இருந்தது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கருவறைச் சுவரில் சோமாஸ்கந்தர் சிற்பம் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவர்கள் செய்தது. ஒரு பக்கம் சிவன், ஒரு பக்கம் உமை, அம்மா மடியில் குழந்தை முருகன். பின்னால் வந்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அந்தக் குழந்தை மடியை விட்டு இறங்கி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, சிலவற்றில் ஆடிக்கொண்டே இருக்கும்!

இன்றைய போட்டோகிராபர் தேடுகிற படம் இதுதானே? பெரியவர்கள் நிதானமாக உட்கார்ந்திருக்க, குழந்தை தன் பாட்டுக்கு விளையாடுகிறது. சிற்பிக்கு இது முடிந்தது. ஏனென்றால் குழந்தை அசைந்தால் அவருக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. கேமராக்காரருக்குத்தான் கெட்டுப்போகும். எவ்வளவு கெட்டுப்போகும் என்று பார்ப்போம்.

நிமிஷத்திலிருந்து நொடிக்கு

1839இல் பாரிஸில் டாகர் என்பவரின் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. நல்ல வெயிலிலும் ஒரு படத்துக்கு சில நிமிஷங்கள் ஆகும். அத்தனை நேரமும் அசையாமல் இருக்க வேண்டும். சிரித்த முகத்தை மூன்று நிமிஷம் அப்படியே வைத்திருந்து பாருங்கள், கன்னம் வலிக்கும். அந்தக் காலப் படங்களில் யாரும் சிரிக்காததற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்த சில வருஷங்களில் நல்ல லென்ஸும் ரசாயனமும் வந்து நேரம் குறைந்தது. 1851இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரக் கண்ணாடித் தகடு முறையைக் கொண்டுவந்தார். நேரம் சில நொடிகளுக்கு இறங்கியது. ஆனால் தகடு காய்வதற்குள் பூசி, படமெடுத்து, கழுவி முடிக்க வேண்டும். 1871இல் மேடாக்ஸ் என்ற டாக்டர் உலர் தகடுக்கு வழி சொன்னார். 1880களில் நொடியின் ஒரு பகுதியே போதும் என்ற நிலைமை வந்தது.

இதற்கு நடுவில் குழந்தைகளை எப்படிப் படமெடுத்தார்கள்? பெரியவர்களின் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்து தலையை நிறுத்துவார்கள். கைக்குழந்தைக்கு அது முடியாது. அதனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு தந்திரம் செய்தார்கள். அம்மா நாற்காலியில் உட்காருவாள். அவள் மேல் திரைத்துணியைப் போட்டு முழுசாக மூடிவிடுவார்கள். அதன் மேல் குழந்தையை உட்காரவைத்து, துணிக்குள்ளிருந்தே அம்மா பிடித்துக்கொள்வாள். படத்தில் குழந்தை மட்டும் தெரியும், அம்மா துணிமூட்டை மாதிரி பின்னால் இருப்பாள். அந்தப் படங்களைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

மெட்ராஸுக்கு வந்த கேமரா

நம் பக்கம் கேமரா சீக்கிரமே வந்துவிட்டது. மெட்ராஸில் 1850இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் போட்டோகிராபியிலும் ஆர்வம் காட்டினார். 1856இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானது. அதே வருஷம் லினேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று போய்க் கோயில்களையும் கோபுரங்களையும் அருமையாகப் படமெடுத்தார். கோபுரம் அசையாது, அது ஒரு பெரிய வசதி!

மனிதர்களைப் படமெடுக்க ஸ்டுடியோக்கள் வந்தன. மவுண்ட் ரோடு பக்கம் வீலே அண்ட் கிளைன் மாதிரி ஐரோப்பியர் கம்பெனிகள். வாடிக்கையாளர்கள் வெள்ளைக்காரர்கள், ஜமீன்தார்கள், வக்கீல்கள், பெரிய வியாபாரிகள். 20ஆம் நூற்றாண்டு நகர நகர, சின்ன ஊர்களிலும் நம்மவர்களே ஸ்டுடியோ வைத்தார்கள். சாதாரணக் குடும்பம் கேமரா முன்னால் நின்றது அங்கேதான்.

ஸ்டுடியோவுக்குப் போகிற நாள்

அந்த நாள் ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. பெட்டியிலிருந்து பட்டுப்புடவை வெளியே வரும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கண்ணுக்கு மை வைத்து, கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைப்பார்கள். ஸ்டுடியோ உள்ளே ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா கட்டாயம் இருக்கும். பின்னால் மாளிகை, தோட்டம், படிக்கட்டு வரைந்த திரை. பக்கத்தில் ஸ்டூல் மேல் பிளாஸ்டிக் பூ ஜாடி.

உடையின் நிறத்திலும் கவனம் வேண்டியிருந்தது. பழைய தகடுகளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்புப் புடவை கறுப்பாக விழும், வெளிர் நீலச் சட்டை வெள்ளையாகிவிடும்.

குழந்தைப் படத்துக்கென்றே நம் வீடுகளில் சில வழக்கங்கள் உண்டு. முதல் மொட்டை அடிப்பதற்கு முன்னால் ஆண் குழந்தைக்கும் பின்னிப் பூ வைத்து, பாவாடை கட்டி ஒரு படம். (உங்கள் வீட்டிலும் இருக்கும், மறைக்காதீர்கள்!) பெண் குழந்தைக்குப் பூ ஜடை தைத்த அன்று, பின்னால் கண்ணாடியை நிறுத்தி முகமும் ஜடையும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம். ஒரே படத்தில் இரண்டு பக்கமும் விழுந்துவிடும். இரண்டு படத்துக்குக் காசு தர முடியாதவர்களுக்கு எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள்.

இன்னொரு பக்கம் பயமும் இருந்தது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று சொல்லி, கைக்குழந்தையைக் கேமரா பக்கமே கொண்டுபோகாத பாட்டிகள் எத்தனையோ பேர்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருக்கிறது. தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்றுகொண்டு. நடுவில் நாலு வயதில் என் அப்பா. எல்லோர் முகமும் தெளிவு, அப்பாவின் வலது கை மட்டும் புகை மாதிரி கலங்கியிருக்கிறது. இடது கையைப் பாட்டி மணிக்கட்டோடு பிடித்திருப்பது தெரிகிறது. வலது கையைப் பிடிக்க ஆள் இல்லை. அட்டையின் அடியில் ஸ்டுடியோவின் முத்திரை, ஊருக்குக் கீழே "தென்னாற்காடு மாவட்டம்" என்று. கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னாற்காட்டில் இருந்தது, பிறகு விழுப்புரம் மாவட்டத்தில், 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். பழைய படத்துக்குத் தேதி தெரியவில்லை என்றால் இந்த முத்திரையைப் பாருங்கள், ஓரளவு காலத்தைச் சொல்லிவிடும்.

அந்தப் படத்தை ஏன் திரும்ப எடுக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். "இன்னொரு படத்துக்குக் காசு யார் தருவா?" என்றார். என் முழுப் பதிவும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது!

மலைமேல் நடந்த கதை வேறு

இதுவரை சொன்னது கீழ்நாட்டுக் கதை. கல்வராயன் மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்க வேண்டாம், மலையில் வாழும் தமிழ் பேசுகிற மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களிடம் வழங்கும் கதை. படம் எதுவும் இல்லாமல், வாய்மொழியாகவே காப்பாற்றி வந்த குடும்ப வரலாறு அது.

இப்படிப்பட்ட மக்களிடம் கேமரா எப்படிப் போனது? ஆங்கிலேய அரசு 1868 முதல் 1875 வரை இந்திய மக்களின் படங்களை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. அதில் மனிதர்கள் தங்கள் பெயரோடு இல்லை, சாதியின் பெயரோடு, பழங்குடியின் பெயரோடு நின்றார்கள். பிறகு மெட்ராஸ் மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகளைப் பற்றியும் அதில் நீளமாக உண்டு. அவர் கேமராவோடு மட்டும் போகவில்லை, மண்டையையும் மூக்கையும் அளக்கிற கருவிகளோடு போனார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைப் பார்த்ததும் ஓடிவிட்டார்களாம். தங்களைப் பிடித்துப் பாடம் செய்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவர் அதை வேடிக்கையாக எழுதினார். ஆனால் அந்தப் பெண்களின் இடத்திலிருந்து பாருங்கள். உங்கள் வாசலுக்கு ஒருவர் வருகிறார், கேட்காமல் அளக்கிறார், படமெடுக்கிறார், போய்விடுகிறார். படம் உங்கள் கைக்கு வரவே வராது. உங்கள் பிள்ளைக்கும் வராது. ஓடாமல் என்ன செய்வார்கள்?

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. மலை மக்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமலும் உழைத்தார்கள். அந்த வருஷம்தான் ஜாகிர் முறை முடிவுக்கு வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு குடும்பம் மலையிலிருந்து இறங்கி வந்து ஸ்டுடியோவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது என்பது நடக்கிற காரியமா? 1993இல் தேர்தல் ஆணையம் படத்தோடு வாக்காளர் அட்டை கொடுக்கத் தொடங்கியது. கிராமங்களில் எத்தனையோ பெரியவர்களுக்கு வாழ்க்கையில் முதல் போட்டோ அதுதான். அதுவும் முகம் மட்டும், குடும்பம் இல்லை.

இன்னொரு வகைப் படமும் உண்டு. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வரலாறு என்றால் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்த பிறகு உடலை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நின்று ஒரு படம். தமிழ்நாட்டு கிராமங்களில் பல குடும்பங்கள் மொத்தமாகச் சேர்ந்து எடுத்த ஒரே படம் இப்படி எடுத்ததுதான். உயிரோடு இருந்தபோது செலவு செய்ய முடியவில்லை. இனி ஒருபோதும் எடுக்க முடியாது என்றபோது கடன் வாங்கியாவது எடுத்தார்கள்.

பன்னிரண்டு, முப்பத்தாறு, கணக்கே இல்லை

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். பொருளியலில் இறுதிநிலைச் செலவு என்று ஒன்று உண்டு. கூடுதலாக ஒன்று தயாரிக்க எவ்வளவு செலவு ஆகும் என்பது. கூடுதலாக ஒரு போட்டோவுக்கு என்ன செலவு? இதுதான் கேள்வி.

1900இல் கோடாக் கம்பெனி பிரவுனி கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. சிறுவர்கள்கூட இயக்கலாம் என்று விளம்பரம் செய்தது. கேமரா மலிவாகிவிட்டது, ஆனால் பிலிமும் கழுவுவதும் செலவுதான். இங்கே ஒரு காலத்தில் வீட்டுக் கேமரா என்றால் பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். ஊட்டியில் அரசு 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியை ஆரம்பித்தது. "இண்டு" என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் வந்தது. அப்புறம் 36 படம் எடுக்கிற கலர் ரோல் பரவியது. வீட்டு விசேஷங்களில் "இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு எடுத்த காலம் அது.

1975இல் கோடாக் கம்பெனியிலேயே ஸ்டீவ் சாசன் என்ற இன்ஜினியர் டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்தார். ஒரு படத்தை கேசட்டில் பதிவு செய்ய அதற்கு 23 நொடி ஆனது! அந்தக் குழந்தை வளர்ந்து, பெற்ற கம்பெனியையே சாய்த்தது. 2012இல் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. ஊட்டித் தொழிற்சாலையும் நஷ்டத்தில் மூழ்கி மூடப்பட்டது.

இன்று கூடுதலாக ஒரு படத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். 200 படம் எடுத்து 190ஐ அழிக்கலாம். அதனால்தான் "பாப்பா ஓடட்டும் விடுங்க" என்று சொல்ல முடிகிறது. இயல்பு என்பது நமக்குத் திடீரென்று வந்த குணம் கிடையாது. நஷ்டம் இல்லாததால் கிடைத்த சுதந்திரம்.

சரி, எப்படித் தயாராவது?

இந்த வரலாற்றிலிருந்தே சில யோசனைகள் சொல்கிறேன். குழந்தைகளோடு படம் எடுக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும்.

1. பழைய ஸ்டுடியோக்கள் நேர் வெயிலைத் தவிர்த்து வடக்குப் பக்க வெளிச்சத்தைத் தேடின. நீங்களும் காலை ஒன்பதுக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்டு முடித்த நேரமாக இருக்கட்டும். பசியோடு இருக்கிற குழந்தையிடம் எந்தக் கேமராவும் ஜெயிக்காது.

2. புத்தம்புது உடையை அன்றைக்கே முதல்முறையாக மாட்டாதீர்கள். ஜரிகை குத்தும், புதுச் செருப்பு கடிக்கும். ஒரு தடவை போட்டுப் பழகியது நல்லது.

3. போட்டோகிராபர் வந்ததும் கேமராவை எடுக்க வேண்டாம். முதல் கால் மணி நேரம் பிள்ளைகளோடு பேசட்டும், விளையாடட்டும். அளவுகோலோடு வருகிற ஆளைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ஓடத்தான் தோன்றும்.

4. "சிரி, சிரி" என்று சொல்லாதீர்கள். ஏதாவது வேலை கொடுங்கள். கூழாங்கல் பொறுக்கட்டும், தாத்தாவின் துண்டை இழுக்கட்டும். அழுதால் அழட்டும், அதுவும் ஒரு படம்.

5. மேகம் அருவி, பெரியார் அருவி என்று போகிறவர்கள் பாறை வழுக்கும் என்பதை மறக்காதீர்கள். அருவியைப் பின்னால் தூரத்தில் வைத்துக்கொண்டு எடுத்தாலும் அழகுதான்.

6. மலை கிராமத்துப் பிள்ளைகளையும் வீடுகளையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள். நூறு வருஷம் முன்னால் நடந்ததை நாமும் செய்ய வேண்டாம். கேளுங்கள். சரி என்றால் அவர்கள் குடும்பத்தையும் ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் சேருங்கள்.

7. தாத்தா பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மலை ஏற முடியாது என்றால் ஷூட்டை வீட்டு வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையைவிட நல்ல பின்னணி எது?

கடைசியாக ஒரு கணக்கு

எடுக்கிற செலவு பூஜ்யமாகிவிட்டது, சரி. வைத்துக் காப்பாற்றுகிற செலவு? அது பூஜ்யமாகவில்லை. போன் தண்ணீரில் விழுந்தால் மூன்று வருஷப் படங்கள் போய்விடும். எங்கள் வீட்டில் தாத்தா படம் ஒன்றே ஒன்று இருந்தது, ஆனால் இருக்கிறது. என் தங்கையின் முதல் பிறந்தநாளுக்கு எத்தனையோ படம் எடுத்தார்கள், இன்று ஒன்றுகூட கையில் இல்லை.

ஸ்டுடியோக்களும் மூடுகின்றன. பழைய கண்ணாடித் தகடுகளைச் சுரண்டி பிரேம் போடக் கண்ணாடியாக்கிவிட்டார்கள். நெகட்டிவ்களை அதிலிருக்கிற வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலில் பதிவு செய்திருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் உங்கள் வீட்டு பீரோவுக்குள் அவர்கள் வர முடியாது. அங்கே நாம்தான் வேலை செய்ய வேண்டும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். வருஷத்துக்குப் பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பழைய படங்களை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் உட்கார்ந்து "இது யாரு, அது யாரு" என்று கேட்டு எழுதிவையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. பெயர் இல்லாத படம் தர்ஸ்டன் புத்தகத்துப் படம் மாதிரிதான். முகம் இருக்கும், ஆள் யாரென்று தெரியாது.

உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பழைய போட்டோ எது? அதில் யாருடைய கை ஆடியிருக்கிறது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறேன்.